முடிவெடுப்பது நீங்களா, உங்கள் பயமா?

உளவியல் ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்றால் தோற்றுப்போனவர்கள், வழி தெரியாமல் நிற்பவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. நினைத்த படிப்பு கிடைத்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், பதவி உயர்வு வாங்கியவர்கள். தூக்கம் வரவில்லை என்றோ, காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது என்றோ சொல்லிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் பேசிய பிறகு பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்: "குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனா இது என் வாழ்க்கை மாதிரியே இல்லை." அதைச் சொன்ன உடனே குற்ற உணர்ச்சியும் வந்துவிடும். இவ்வளவு கிடைத்தும் திருப்தி இல்லையா என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள்.

அவர்களுக்காகவும், இப்போது ஒரு பெரிய முடிவின் முன்னால் நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேரின் அனுபவத்தை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வெற்றிக்கான அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது என்பது வெறும் புலம்பல் இல்லை. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு ஆய்வாளர்கள், 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 41,641 கல்லூரி மாணவர்கள் தந்த பதில்களை ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மற்றவர்கள் தன்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் 33 சதவீதம் உயர்ந்திருந்தது. தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பு உயர்ந்தது 10 சதவீதம்தான். என்னிடம் வரும் இளைஞர்களின் பேச்சைக் கேட்டுவரும் எனக்கு அந்த வித்தியாசம் ஆச்சரியம் தரவில்லை.

அழுத்தம் என்றதும் யாரோ எதிரில் நின்று மிரட்டுவதுபோல நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒருவர் இருந்தால் பிரச்சினை பாதி சுலபம். எதிர்த்துப் பேசலாம், விலகிப் போகலாம். உள்ளே குடியேறிவிட்ட அழுத்தத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்கள் மனிதன் ஒன்றைச் செய்வதற்கான காரணங்களை வகை பிரித்தபோது இதற்கென்று தனி இடம் கொடுத்தார்கள். பரிசுக்காகவும் தண்டனைக்குப் பயந்தும் செய்வது ஒரு வகை. அது எனக்கு முக்கியம் என்று உணர்ந்து செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: யாரும் சொல்லாமலே, செய்யாவிட்டால் என்னை நானே மதிக்க முடியாது என்ற பயத்தில் செய்வது. வெளியிலிருந்து பார்த்தால் இது சுயவிருப்பம் போலவே தெரியும். செய்கிறவருக்கும் அப்படித்தான் தோன்றும். "என்னை யாரும் கட்டாயப்படுத்தலையே, நானேதான் முடிவு பண்ணினேன்" என்று உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. எந்தக் குரல் முடிவு பண்ணியது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் விரும்பும் இந்தப் பதவி, இந்தப் படிப்பு, இந்த இடம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது, யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்போதும் அது வேண்டுமா?

சிலர் யோசிக்காமலே ஆமாம் என்பார்கள். முகத்தில் தெளிவு தெரியும். சிலர் சட்டென்று சிரித்துவிடுவார்கள், "அப்புறம் எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்த "எதுக்கு" வந்த பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். பாராட்டுக்கு ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு, எனக்கும் உண்டு. பாராட்டை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லாத ஒரு பாதையில் அடுத்த முப்பது வருடத்தைப் போடப் போகிறோமா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவர் வந்திருந்தார். கணக்குத் தணிக்கைத் துறையில் நல்ல பெயர். அவர் வீட்டில் யாரும் அவரை அடித்ததில்லை, மிரட்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே "இவன் கணக்குல புலி" என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அதற்கேற்ற படிப்பை எடுத்தார், முதல் வகுப்பில் தேறினார், வேலைக்குப் போனார். எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. மூன்றாவது சந்திப்பில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தி, "உனக்கு என்ன பிடிக்கும்னு என்னை யாருமே கேட்டதில்லை. நானும் கேட்டுக்கிட்டதில்லை" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் இந்த நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். இளைஞர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் தங்கள் அடையாளத்தை எப்படி அமைத்துக்கொள்கிறார்கள் என்பதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். பல வழிகளைத் தேடிப் பார்த்து ஒன்றில் நிலைகொண்டவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடவும் இல்லாமல் நிலைகொள்ளவும் இல்லாமல் இருப்பவர்கள். நான்காவது நிலையில் இருப்பவர்கள் தேடிப் பார்க்காமலே நிலைகொண்டவர்கள். மற்றவர்கள் வகுத்துத் தந்ததை அப்படியே தனதாக்கிக்கொண்டவர்கள் இவர்கள். இருபது வயதில் இவர்களைப் பார்த்தால் மிகவும் தெளிவானவர்களாகத் தெரியும், குழப்பமே இருக்காது. குழம்பித் தவிக்கும் பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர், இந்தப் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். என் அனுபவத்தில், அந்த வயதில் தள்ளிப்போட்ட குழப்பம் பிற்பாடு வேறு எப்போதாவது வந்து நிற்கிறது. அப்போது கடன் இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், திரும்பிப் போகும் வழி குறுகியிருக்கும்.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பிடிவாதமாக இருக்கும் ஒரு அப்பாவிடமோ அம்மாவிடமோ பத்து நிமிடம் தனியாகப் பேசினால், அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய பயம். வேலை போன ஒரு காலம், அவமானப்பட்ட ஒரு நாள், கை நீட்டி நிற்க வேண்டிவந்த ஒரு சூழ்நிலை. அது தன் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்ற தவிப்பு. அதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வது நல்லது. புரிந்துகொள்வதும் அந்தப் பயத்தைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொள்வதும் வேறு வேறு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்ன வழி என்பதாலேயே அது தவறான வழி ஆகிவிடாது. நான் சொன்ன அந்தத் தணிக்கையாளர் சில மாதங்கள் நேரம் எடுத்துக்கொண்டு பல விஷயங்களை முயன்று பார்த்தார். மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தார், வேறு துறையில் இருப்பவர்களுடன் பேசினார், ஒரு சிறு நிறுவனத்துக்குச் சம்பளம் வாங்காமல் உதவினார். கடைசியில் தன் பழைய துறையிலேயே இருக்க முடிவெடுத்தார். பெரிய நிறுவனத்தை மட்டும் விட்டுவிட்டு, சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலைக்கு மாறினார். வருமானம் குறைந்தது. அவர் மனைவிக்கு முதலில் அதில் விருப்பம் இல்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வீட்டுச் செலவைத் திரும்ப எழுதிப் பார்த்த பிறகுதான் அது சாத்தியமானது. ஒரே துறைதான் என்றாலும் இந்த முறை அவர் தேர்ந்தெடுத்து உள்ளே போனார்.

பெரிய முடிவுகளில் நாம் சறுக்கும் இன்னொரு இடம், எதிர்கால மகிழ்ச்சியைக் கற்பனை செய்யும் விதம். உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் உதவிப் பேராசிரியர்களிடம், பணி நிரந்தரம் கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள், கிடைக்காவிட்டால் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்தால் வரும் சில ஆண்டுகள் மிகவும் மகிழ்ச்சியாகவும், கிடைக்காவிட்டால் மிகவும் வருத்தமாகவும் இருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது, கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை.

கற்பனையில் நாம் பார்ப்பது வெற்றிச் செய்தி வரும் அந்த நாளை. வாழப்போவது அதற்குப் பின்னால் வரும் சாதாரண நாட்களை. அதனால் ஒரு வேலையையோ படிப்பையோ யோசிக்கிறவர்களிடம், அதில் மூன்று நான்கு வருடம் ஊறியவர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசச் சொல்வேன். "உங்க வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம், பொதுவான பதில்தான் வரும். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் கூட்டத்தில் போனது, யாருடன் பேசினீர்கள், எது அலுப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்தபோது உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தது? அந்த நாளைத் திரும்பத் திரும்ப வாழ முடியுமா என்று பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

இருப்பதிலேயே சிறந்ததைத்தான் எடுப்பேன் என்று தேடிக்கொண்டே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆகச் சிறந்ததைத் தேடியவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகமாகக் கிடைத்தது. ஆனால் தங்களுக்குப் போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொண்டவர்களைவிட அவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. தேடிய காலம் முழுக்கப் பதற்றமும் அதிகம். எது எனக்குப் போதும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லை, பலருக்கு அது பெரிய விடுதலை.

இவ்வளவு வருடம் படித்துவிட்டேனே, இப்போது எப்படி விடுவது என்ற தவிப்பும் அடிக்கடி வரும். செலவழித்த வருடங்கள் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை. இனி செலவாகப் போகும் வருடங்களைப் பற்றித்தான் இப்போது முடிவெடுக்க முடியும். அறிவுக்கு இது புரிந்துவிடும், மனம் ஏற்க நாளாகும். அந்த நாட்களைக் கொடுங்கள்.

மனதுக்குப் பிடித்ததைச் செய், மற்றதெல்லாம் தானாக வரும் என்ற அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. தலைக்கு மேல் கடன் இருப்பவரிடமும், வீட்டில் ஒரே சம்பாத்தியக்காரராக இருப்பவரிடமும் அதைச் சொல்வது கொடுமை. அப்படிப்பட்ட ஒரு பெண் வந்தார். பிடிக்காத வேலை, தம்பியின் படிப்புச் செலவு, அப்பாவின் மருத்துவக் கடன். வேலையை விடும் பேச்சுக்கே இடமில்லை. தன் வாழ்க்கையே தன் கையில் இல்லை என்றார்.

நாங்கள் செய்தது சின்ன விஷயம். கடன் எந்த மாதம் முடியும், தம்பி எப்போது படிப்பை முடிப்பான் என்று காகிதத்தில் எழுதினோம். அந்தத் தேதி வரை இந்த வேலையில் இருக்கப் போகிறேன், அது என் முடிவு என்று அவரே எழுதினார். வாரத்தில் இரண்டு மாலைகளைத் தனக்கென்று ஒதுக்கி, தான் போக நினைத்த துறையில் படிக்கத் தொடங்கினார். மேலதிகாரியிடம் பேசி, தன்னை அதிகம் வதைத்த ஒரு பொறுப்பை மட்டும் மாற்றிக்கொண்டார். தம்பியையும் அப்பாவையும் உட்காரவைத்து, எந்த மாதம் வரை பணம் தர முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைத்தான் அவர் மிகவும் பயந்து தள்ளிப்போட்டிருந்தார். தம்பி தனக்குப் பகுதிநேர வேலை தேடிக்கொள்வதாகச் சொன்னது அவர் எதிர்பாராதது. வேலை அதேதான், சம்பளமும் அதேதான். ஆனால் தூக்கம் திரும்ப வந்தது.

குடும்பத்திடம் பேசுவது பற்றியும் கேட்கிறார்கள். சண்டை நடக்கும்போது முடிவை அறிவிக்காதீர்கள். "எனக்கு இது பிடிக்கலை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் பயம்தான் கூடும். நான் இதைத் தேடிப் பார்த்திருக்கிறேன், இவரிடம் பேசியிருக்கிறேன், இத்தனை மாதம் முயல்கிறேன், சரிவராவிட்டால் இதுதான் அடுத்த வழி என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் கோபப்படுவார்கள்தான். அவர்கள் வருத்தப்படுகிறார்கள் என்பதாலேயே நீங்கள் தப்பு செய்துவிட்டதாக ஆகாது. பெற்றோராக இதைப் படிக்கிறீர்கள் என்றால், பிள்ளை பேசி முடிக்கும் வரை நடுவில் பதில் சொல்லாமல் கேளுங்கள். பலருக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன், கேளுங்கள்.

கடைசியாக, முடிவெடுக்கவே கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. வேலை மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது வேலையைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, காலையில் எழுவதே பாரமாக இருக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நோய் எல்லா வழிகளையும் இருட்டாகக் காட்டும். படிப்பை விடுவது, வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்றவற்றை முடிந்தவரை சிகிச்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேறிய பிறகு அதே முடிவை எடுத்தவர்களும் உண்டு, அந்த எண்ணமே போய்விட்டவர்களும் உண்டு. வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அதை மனதுக்குள் வைத்திருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற அறிகுறிகளுக்கு மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதில்லை, வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமும் தொடங்கலாம்.