பைகேட்ச்: வலையில் பட்ட உயிரை என்னவென்று சொல்வது?

மீன்வளம் பற்றிய செய்திகளில் ‘பைகேட்ச்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஒரு மீனுக்காக விரித்த வலையில் வேறோர் உயிர் மாட்டிக்கொள்வதை அது குறிக்கிறது. அந்த உயிர் சிறு மீனாக இருக்கலாம், ஆமையாகவோ கடற்பறவையாகவோ இருக்கலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஓங்கில் (டால்பின்), திமிங்கிலம், கடல்பசு போன்ற பாலூட்டிகளை மட்டும். இந்தச் சொல்லின் குறை அவற்றிடம்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஆங்கிலத்தில் ‘பை’ என்பதற்குப் பக்கத்தில், ஓரமாக என்று பொருள். முதன்மையானது ஒன்று இருக்க, அதன் ஓரமாய் வருவதைச் சுட்டும் முன்னொட்டு அது. ‘கேட்ச்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. துரத்துவதைக் குறிக்கும் ‘சேஸ்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். துரத்திப் பிடித்தல் என்பதே பழைய பொருள். ஆக, பைகேட்ச் என்றால் ஓரமாய் வந்து சேர்ந்த பிடிப்பு. சட்டத்தின் மொழி வேறு. 1972-இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கடல்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் ‘இன்சிடென்டல்’ என்ற அடைமொழியைக் கையாள்கிறது. ஒரு வேலைக்கு இடையில் நேர்ந்துவிட்டது என்பது அதன் கருத்து.

ஓரமாக, இடையில் என்ற இந்தச் சொற்கள் கடலில் நடப்பதை எவ்வளவு சொல்கின்றன?

ஓங்கிலுக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறியும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் மெல்லிய நைலான் இழையிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் பலவீனமானது. தலையோ துடுப்போ கண்ணியில் நுழைந்ததும் அது முன்னால் உந்துகிறது, உடலைத் திருகுகிறது. திருகத் திருக இழை இறுகுகிறது. மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் மூச்சுமுட்டி இறந்துவிடுகிறது. காலையில் வலையை இழுக்கும்போது வருவது உடல் மட்டுமே. இப்படி ஆண்டுதோறும் 3 லட்சத்துக்கும் அதிகமான திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இறப்பதாகப் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு ஒன்று உண்டு.

தமிழில் இதைப் பெரும்பாலும் ‘தற்செயல் பிடிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இந்தச் சொல்லோடுதான் பெரிய வழக்கு. தற்செயல் என்றால் காரணம் தெரியாதது, முன்கூட்டி அறிய முடியாதது. இதுவோ எந்த வலையில், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் நடக்கும் என்று சொல்லிவிடக்கூடியது. சொல்ல முடிந்ததால்தான் குறைக்கவும் முடிந்தது. 1994-இல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் ஒரு சோதனை நடந்தது. ஓங்கிலுக்கு நெருங்கிய உறவான போர்ப்பாய்ஸ் என்ற சிறு பாலூட்டி, மீனின் செவுள் கண்ணியில் சிக்கும்படி விரிக்கும் செவுள்வலைகளில் அங்கே ஏராளமாக மாட்டிக்கொண்டிருந்தது. கைக்குள் அடங்கும் ஒலிக்கருவிகளை வலையின் மேல்கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். பிங்கர் என்பது அதன் பெயர். நான்கு நொடிக்கு ஒருமுறை ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று அறிவிப்பதுபோல் அது ஒலிக்கும். ஒலித்த வலைகளில் மாட்டியவை 2. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் ஒலியில்லாமல் விட்ட வலைகளில் மாட்டியவை 25. ஒரு சிறு கருவியால் இவ்வளவு குறைகிற சாவைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் அந்தச் சொல் அறவே பொய்த்துப்போகிறது. அங்கே பெரிய மஞ்சள்துடுப்புச் சூரை மீன்கள் ஓங்கில் கூட்டத்துக்கு அடியில் நீந்தும் வழக்கம் உடையவை. சூரையைத் தேடி அலைவதைவிட மேலே துள்ளும் ஓங்கில்களைக் கண்டுபிடிப்பது எளிது. எனவே விரைவுப் படகுகளில் ஓங்கில்களைத் துரத்தி, ஓரிடத்தில் ஒடுக்கி, அவற்றைச் சுற்றியே சுருக்குமடியைப் போட்டார்கள். 1960-களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஓங்கில்கள் செத்தன. கணக்கில் அவையும் பைகேட்ச்தான்! துரத்தல் என்ற பழைய வேர்ப்பொருள் அங்கே முழு உயிரோடு இருந்தது. ‘ஓரமாக’ என்பதற்குத்தான் இடமே இல்லை.

மாற்றத்துக்கு வழிகாட்டியதில் மீனவர்களின் கைவேலைக்குப் பெரிய பங்கு உண்டு. வலை பாதி சுருங்கியதும் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தினால் வலையின் கடைசி விளிம்பு நீருக்குள் அமிழும். அந்த வழியாக ஓங்கில்கள் வெளியேறிவிடும், சூரை ஆழத்திலேயே நிற்கும். அந்த விளிம்பில் மூக்கும் துடுப்பும் சிக்காதபடி சிறுகண் வலைத்துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்தார்கள். சட்டமும் கப்பலில் ஏறிய கண்காணிப்பாளர்களும் சேர்ந்துகொள்ள, இன்று அங்கே பதிவாகும் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே.

எல்லா இடத்திலும் இப்படி முடிந்துவிடவில்லை. மெக்சிகோவில் கலிஃபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டுமே வாழ்வது வக்கீட்டா என்ற போர்ப்பாய்ஸ் இனம். ஸ்பானிய மொழியில் ‘சின்னப் பசு’ என்று பொருள். கண்ணைச் சுற்றிக் கருவளையமும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் உடைய அதை யாரும் வேட்டையாடவில்லை. தொதோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கொள்ளை விலை. அந்த மீனைப் பிடிக்க 1975-லேயே தடை வந்தும் திருட்டு வலை ஓயவில்லை. தொதோவாபாவும் வக்கீட்டாவும் பருமனில் ஒத்தவை என்பதால் ஒன்றுக்கு விரித்த கண்ணி மற்றதையும் இறுக்கியது. இறால் வலைகளும் பங்குபோட்டன. 1997-இல் 567 என்று மதிப்பிடப்பட்ட இனம், 2024 கணக்கெடுப்பில் 6 முதல் 8 வரை. திருட்டு வலைகள் மாட்டிக் கிழியட்டும் என்று 2022-இல் கொக்கி வைத்த கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கினார்கள். ஓரினமே இல்லாமல்போகும் நிலையை ‘ஓரமாய் வந்த பிடிப்பு’ என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘துணைப்பிடிப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். துணை என்பது நல்ல சொல், அதை இந்தச் சாவோடு சேர்ப்பது பொருந்தாது. ‘கழிவு மீன்’ மீனுக்கு மட்டும் பொருந்தும். இராமநாதபுரம் கரையில் சங்காயம் என்ற அருமையான சொல் இருக்கிறது. வலையில் வரும் விலைபோகாத பொடிமீன்களைக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்களே, அதுதான் சங்காயம். பொடிமீனுக்கு அந்தப் பெயரே நிற்கட்டும். ஓங்கிலைச் சங்காயம் என்று சொல்ல முடியாது.

மீனவர் பேச்சில் இன்னொரு சொல் இருக்கிறது: பாடு. கரையேறும் படகைப் பார்த்து “இன்று பாடு எப்படி?” என்று கேட்பார்கள். மீன்பாடு என்றால் கிடைத்த மீன். ‘படு’ என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ‘பாடு’ என்ற தொழிற்பெயர் ஆகிறது. கெடு கேடானதுபோல, பெறு பேறானதுபோல. வலையில் மீன் படுகிறது. பிடித்தவனின் செயலைச் சொல்லாமல், பிடிபட்டதன் பக்கம் நின்று பேசும் வினை அது. அதே படு அடிபடும், துன்பப்படும். பழைய வழக்கில் போரில் பட்டான் என்றால் இறந்தான் என்று பொருள். கிடைத்தது, துன்பம், சாவு மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன.

இதிலிருந்து ‘வேண்டாப்பாடு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அழியாப் புகழ் போன்ற அமைப்புதான். மீனவருக்கும் வேண்டாத பிடி, அந்த உயிருக்கும் வேண்டாத பாடு. வேற்றுமை உருபு ஏறும்போது வேண்டாப்பாட்டை, வேண்டாப்பாட்டில், வேண்டாப்பாட்டால் என்று இயல்பாக வரும். ‘வேண்டாப்பாடு குறைப்பு’ என்று எழுதினால் கரையில் இருப்பவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

வேண்டாதது என்று மீனவர்களே செயலில் காட்டியிருக்கிறார்கள். பாக் விரிகுடாவில் நம் கரையோரத்தார் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு கடற்புல் மேய வருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே ஆவுளியா வலையில் பட்டால் வலையை அறுத்து உயிரோடு விடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசுத்தொகை வழங்குகிறது. அறுத்த வலையைத் தைத்துச் சரிசெய்யும்வரை அந்தப் படகுக்கு மீன்பாடு இல்லை.