பூச்சாண்டி குடிவரும் வயது

கைக்குழந்தைக்கு இருட்டைக் கண்டால் பயமில்லை. இரண்டு, மூன்று வயதில்தான் அது எட்டிப் பார்க்கிறது. தீப்பெட்டியைக் காதில் வைத்து "ஹலோ" என்று பேசத் தொடங்கும் அதே வயது. இல்லாததை மனதில் கொண்டுவரத் தெரிந்த பிறகே இருட்டில் பூச்சாண்டி குடிவருகிறான்.

"பேயெல்லாம் கிடையாது, பேசாமல் படு" என்கிறோம். அது குழந்தைக்குத் தெரியாதா என்ன? உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 4, 6 வயதுக் குழந்தைகளிடம் காலிப் பெட்டியைக் காட்டினார்கள். அதற்குள் முயல் இருப்பதாகச் சிலரையும், அரக்கன் இருப்பதாகச் சிலரையும் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெட்டி காலி என்பதைக் குழந்தைகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆய்வாளர் வெளியே கிளம்பியதும், அரக்கனை நினைத்த 4 வயதுக் குழந்தைகள் சிலர் அவரைப் போகவே விடவில்லை! வேறு சிலர், தனியாக இருந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

கண்ணும் சேர்ந்து சதி செய்கிறது. விளக்கை அணைத்ததும் பார்வைப் பொறுப்பு விழித்திரையின் கோல் செல்களுக்குப் போகிறது. அவை இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நிறம் தெரியாது, நுணுக்கமும் பிடிபடாது. போதாததற்கு, விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே இல்லை. அதனால் மூலையில் தெரியும் மங்கலான நிழலை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் திரும்பி வரும். பூச்சாண்டிக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்? அரைகுறையாகத் தெரிவதில் முகம் தேடுவது மூளையின் பழக்கம், கொடியில் தொங்கும் சட்டைக்கும் தலை முளைத்துவிடும்.

பெரியவர்களும் விதிவிலக்கல்ல. திடீர்ச் சத்தத்துக்கு மனிதர்கள் வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் அதிகம் திடுக்கிடுகிறார்கள் என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். எலிக்கு நேர்மாறு, பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அதற்கு நடுக்கம். இரவில் நடமாடும் பிராணி அல்லவா!

சரி, என்னதான் செய்வது? 1975இல் கான்ஃபர் என்ற உளவியலாளரும் சகாக்களும், இருட்டுக்குப் பயந்த 5, 6 வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொள்ள வாக்கியங்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு "எனக்குத் தைரியம் உண்டு, இருட்டில் என்னை நானே பார்த்துக்கொள்வேன்" என்ற மாதிரி. இன்னொன்றுக்கு "இருட்டு ஜாலியான இடம்" என்பது போல. மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் மழலைப் பாட்டு. அதிக நேரம் இருட்டில் தாக்குப்பிடித்தது முதல் கூட்டம்தான். ஆகவே கட்டிலுக்கு அடியில் நாம் டார்ச் அடித்துக் காட்டுவதைவிட, டார்ச்சையே குழந்தை கையில் கொடுத்துவிடுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன, பேட்டரி செலவுதான் கொஞ்சம் கூடும்.