கொழுந்துத் தராசும் வியாழனின் நிலவும்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கும் தராசைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நிறை என்ற பாடம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தொடங்கிவிடும். சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அம்மா அங்கே வாயைத் திறக்க மாட்டார். எங்கள் வரிசை வீடான லயத்துக்கு வந்த பிறகுதான் அந்த முள்ளைத் திட்டுவார். எனக்கும் அந்த முள்ளின் மேல் சந்தேகம் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. அது அளப்பது கொழுந்தையா, பூமியையா?

இரண்டையும் சேர்த்துத்தான். உள்ளே இருப்பது ஒரு சுருள்வில். சாக்கைப் பூமி கீழே இழுக்கிறது, வில் நீள்கிறது, முள் நகர்கிறது. அதே சாக்கை வேறொரு கோளுக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் கொழுந்தில் ஓர் இலைகூடக் குறையாது; முள் மட்டும் வேறு எண்ணைக் காட்டும். மாறாமல் இருக்கும் பொருளின் அளவு திணிவு. இடத்துக்கு இடம் மாறும் இழுப்பு நிறை. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திணிவைத்தான் நிறை என்கிறார்கள், நாம் நிறை என்பதை எடை என்கிறார்கள். அந்தப் பக்கத்துப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் நம் பிள்ளைகள் குழம்பினால் குற்றம் அவர்கள்மேல் இல்லை. இங்கே நம் இலங்கைப் பாடநூல் வழக்கையே வைத்துக்கொள்கிறேன்.)

இருபது கிலோ கொழுந்தை அதே தராசோடு சந்திரனுக்குக் கொண்டுபோனால் முள் 3.3 கிலோவில் நின்றுவிடும். நாள் முழுக்கப் பறித்தாலும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் கூடத் தேறாது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "அப்ப முதுகுல கூடையும் பாரமா இருக்காதுல்ல?" சரிதான், தோளில் அழுத்தும் பாரம் ஆறில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒன்று மாறாது. அந்தக் கூடையோடு சரிவில் ஓடிவந்து சட்டென்று நிற்கப் பார்த்தால், இங்கே எவ்வளவு தள்ளுமோ அவ்வளவுதான் அங்கேயும் தள்ளும். அதைத் தீர்மானிப்பது திணிவு. பழைய கடைகளில் இருந்த படிக்கல் போடும் தட்டுத் தராசை எடுத்துப் போனாலோ, சந்திரனிலும் அது இருபது கிலோ என்றே சொல்லும். கல்லின் பாரமும் கொழுந்தின் பாரமும் ஒரே அளவில் குறைந்துவிடுகின்றன அல்லவா.

இனி அந்த வில் தராசை மட்டும் தூக்கிக்கொண்டு மற்றக் கோள்களைச் சுற்றி வரலாம். வெள்ளியில் 18 கிலோ. நெப்டியூனில் 23ஐ ஒட்டி. வியாழனின் மேகங்களின் உச்சியில் 50 கிலோவைத் தாண்டும். செவ்வாயில் 7.6. புதனிலும் அதே 7.6! இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். செவ்வாயின் திணிவு புதனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியிருக்க இரண்டும் ஒரே மாதிரி இழுப்பது எப்படி?

ஒரு கோள் நம்மை எவ்வளவு இழுக்கும் என்பது அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதோடு, அதன் மையத்திலிருந்து நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது. செவ்வாயின் விட்டம் சுமார் 6,780 கிலோமீட்டர், புதனுடையது 4,880. புதனில் நிற்பவர் மையத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறார். திணிவில் இழந்ததை நெருக்கத்தில் ஈடுகட்டிக்கொள்கிறது புதன். சனி இதற்கு நேரெதிர். அதில் 95 பூமிகளின் பொருள் இருக்கிறது. ஆனால் பூமியைப் போல் ஒன்பது மடங்கு அகலத்துக்கு உப்பிக் கிடப்பதால், மேகங்களின் உச்சியில் உங்கள் சாக்கு இருபது கிலோவை ஒட்டித்தான் காட்டும். சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதுவார்கள். அதன் சராசரி அடர்த்தி தண்ணீருடையதில் 0.69 பங்குதான் என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை. தராசைத் தொங்கவிட ஒரு கூரை வளை கூட அங்கே கிடைக்காது, ஏனென்றால் தரையே இல்லை.

பூமியிலேயே இந்த வித்தியாசம் உண்டு. கொழும்பில் இருபது கிலோ காட்டும் சாக்கு, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பத்துக் கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். மையத்திலிருந்து தள்ளிப் போய்விட்டோம். ஆனால் காலடியில் இருக்கும் மலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுப்பதால் குறைவு அந்த அளவோடு நிற்கிறது. மலை இழுக்கும் என்ற இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

முதலில் பெரிய கேள்வி. யாரும் போய் நிற்காத, நிற்கவும் முடியாத வியாழனில் 318 பூமிகளின் திணிவு இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதை எந்தக் கொக்கியில் மாட்டினார்கள்?

அதன் நிலவுகளில். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகமாகச் சுழற்றினால் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். நிலவுக்கும் கோளுக்கும் இடையே கயிறு இல்லை, ஈர்ப்பு இருக்கிறது. ஒரு நிலவு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால், நடுவில் இருப்பது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு வசதியாக ஒரு சோடி அமைந்திருக்கிறது. நம் சந்திரன் பூமியிலிருந்து 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வியாழனின் பெரிய நிலவுகளில் மிக உள்ளே இருக்கும் அயோ, வியாழனின் மையத்திலிருந்து 4,21,700 கிலோமீட்டரில். கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். சந்திரன் ஒரு சுற்று முடிக்க 27.3 நாட்கள் ஆகின்றன. அயோவுக்கு? 42 மணி நேரம் சொச்சம், அதாவது 1.77 நாட்கள். இவ்வளவு வேகத்தில் ஓடும் ஒன்றை விட்டுவிடாமல் பிடித்து வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட பிடியாக இருக்க வேண்டும்!

கணக்கை நாமே போடலாம். கெப்ளர் கண்ட விதியும் நியூட்டன் அதற்குக் கொடுத்த விளக்கமும் சொல்வது இது: தூரத்தின் கனத்தை (தூரம் × தூரம் × தூரம்) காலத்தின் வர்க்கத்தால் (காலம் × காலம்) வகுத்தால் நடுவில் இருப்பதன் திணிவுக்கு ஒப்பான எண் வரும். தூரங்களின் விகிதம் 1.097, அதன் கனம் 1.32. காலங்களின் விகிதம் 15.44, அதன் வர்க்கம் 238. குறுகிய காலம் அயோவுடையது என்பதால் வகுத்தல் இங்கே பெருக்கலாகிவிடும்; இரண்டையும் பெருக்கினால் 315 அளவில் வருகிறது. ஏற்கப்பட்ட எண் 318. அந்தச் சின்ன வித்தியாசம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் சந்திரன் அற்பமானதல்ல. பூமியின் திணிவில் 81இல் ஒரு பங்கு. ஆகவே அந்தச் சுற்றுக்காலம் பூமியை மட்டும் சொல்லவில்லை, பூமியையும் சந்திரனையும் சேர்த்துச் சொல்கிறது. அதைக் கூட்டிக்கொண்டால் விடை 318ஐத் தொட்டுவிடும். 1687இல் நியூட்டன் இதே வழியில்தான், வியாழனையும் சனியையும் சூரியனோடு ஒப்பிட்டு நிறுத்தார்.

இந்த முறையில் நிலவு எவ்வளவு சிறியது என்பது பொருட்டே அல்ல. செவ்வாயின் ஃபோபோஸ் சராசரியாக 22 கிலோமீட்டர் அகலம்தான். அங்கே நம் சாக்கு 12 கிராம் காட்டும். ஆனால் அமெரிக்க வானியலாளர் ஆசஃப் ஹால் 1877 ஆகஸ்டில் அதையும் டெய்மோசையும் கண்டுபிடித்த பிறகுதான் செவ்வாயின் திணிவை நம்பிச் சொல்ல முடிந்தது. புளூட்டோவின் கதை இன்னும் வேடிக்கை. 1930இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது பூமி அளவு கனமாக இருக்கும் என்று எண்ணியவர்கள் உண்டு. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் நிலவான சாரோனைக் கண்டார். அது 6.4 நாளில் சுற்றுவதை வைத்துக் கணக்குப் போட்டால், புளூட்டோ பூமியின் ஐந்நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான் தேறியது. நம் சந்திரனை விடவும் சிறியது.

நிலவே இல்லாத புதனையும் வெள்ளியையும் என்ன செய்வது? பக்கத்துக் கோள்களையும் வழியில் போகும் வால்வெள்ளிகளையும் அவை எவ்வளவு இழுத்து விலக்குகின்றன என்று பார்த்து, நீண்ட காலம் உத்தேசமாகவே சொல்லி வந்தார்கள். 1962 டிசம்பரில் மரினர் 2 வெள்ளியைக் கடந்தது. 1974 மார்ச்சில் மரினர் 10 புதனைக் கடந்தது. அந்த விண்கலங்களின் பாதை வளைந்த விதம் திணிவைச் சொல்லிவிட்டது. நிலவு இல்லாத வீட்டுக்கு நாமே ஒரு நிலவைக் கொஞ்ச நேரத்துக்கு அனுப்பி வைத்தது போல.

சரி, இதெல்லாம் "இத்தனை பூமி" என்ற கணக்கு. அந்தப் பூமி எவ்வளவு? படிக்கல்லின் நிறையே தெரியாமல் கடை நடத்த முடியாதே.

அந்தப் படிக்கல்லை நிறுக்க உதவியது ஒரு மலை. 1774 கோடையில் நெவில் மாஸ்கலைன் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்குக் கருவிகளோடு போனார். மேசன்மார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடுகிறார்களே தூக்குக்குண்டு, அதுதான் அவருடைய முக்கியமான கருவி. மலை இழுக்கும் என்றேனே. அப்படியானால் மலைக்கு வடக்கே தொங்கும் குண்டு தெற்கே சாய வேண்டும், தெற்கே தொங்குவது வடக்கே சாய வேண்டும். சாய்வை விண்மீன்களை வைத்து அளந்தார். இரு பக்கச் சாய்வும் சேர்ந்து 11.6 விகலை (ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் விகலை). ஒரு மீட்டர் நூலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் மூன்று பங்கு! பிதுருதலாகலை மலை அடிவாரத்தில் வீடு கட்டுகிறவரின் குண்டும் இப்படித்தான் மலைப் பக்கம் சாயும், சுவருக்கு அதனால் ஒரு குறையும் வராது.

மலையின் கன அளவையும் பாறையின் அடர்த்தியையும் வைத்துப் பார்த்தபோது, பூமி முழுவதற்குமான சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல் 4.5 மடங்கு என்று வந்தது. மலைப்பாறையோ 2.5 மடங்குதான். நம் மலைநாட்டுப் பாறைகளும் 2.7ஐ ஒட்டியவைதான். மேலே இருப்பது இவ்வளவு இலேசு, சராசரி அவ்வளவு கனம் என்றால் உள்ளே பாறையை விடக் கனமான ஏதோ இருந்தே ஆக வேண்டும், உலோகம். ஒரு ஊசி கூட மண்ணுக்குள் இறங்காமல் பூமியின் வயிற்றுக்குள் இரும்பு இருப்பதற்கான தடயம் கிடைத்தது. பின்னர் 1798இல் ஆங்கிலேய விஞ்ஞானி கவண்டிஷ் ஒரு கொட்டகைக்குள் ஈயக் குண்டுகளை வைத்து இன்னும் துல்லியமாக அளந்தார். இன்றைய மதிப்பு 5.51.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். திணிவு தெரிந்தால் கன அளவால் வகுத்து அடர்த்திக்குப் போகலாம், அடர்த்தி தெரிந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். கொழுந்துச் சாக்கும் அப்படித்தான்: தூக்கிப் பார்த்தாலே ஈரக் கொழுந்தா இல்லையா என்று கை சொல்லிவிடும். வியாழனின் கனிமீட் 5,268 கிலோமீட்டர் விட்டம் கொண்ட, சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலவு. புதனை விட அகலமானது. ஆனால் திணிவில் புதனில் பாதி கூட இல்லை. புதனின் அடர்த்தி 5.4, கனிமீட்டுடையது 1.9. முன்னதன் விட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் இரும்புக் கரு. பின்னதில் பாதியளவுக்குத் தண்ணீர்ப்பனிக்கட்டி.

ஒரு நிலவு தன் கோளின் திணிவைச் சொல்லுமே தவிர, தன்னுடையதை அவ்வளவு இலேசில் சொல்லாது. வியாழனின் நிலவுகள் ஒன்றையொன்று இழுப்பதைக் கவனித்தும், பிறகு பயனியர், வொயேஜர், கலிலியோ விண்கலங்களின் பாதை வளைவதைப் பார்த்தும்தான் அந்த எண்கள் கைக்கு வந்தன. அவற்றிலிருந்து வரும் அடர்த்திகளை வியாழனிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில் அடுக்கினால்: அயோ 3.5, யூரோப்பா 3.0, கனிமீட் 1.9, கலிஸ்டோ 1.8. படிப்படியாக இறங்குகிறது. இது தற்செயல் இல்லை. பிறந்த புதிதில் வியாழன் தணல் போலத் தகித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த துணியில் ஈரம் நிற்குமா? கிட்டத்தில் உருவான அயோவில் தண்ணீர் தங்கவில்லை, வெறும் பாறையும் உலோகமும். யூரோப்பாவில் ஒரு மேல்தோல் அளவுக்குப் பனிக்கட்டியும் அதன் கீழ் கடலும். தள்ளிப் பிறந்த இரண்டும் பாதிக்குப் பாதி பனிக்கட்டியைச் சேர்த்துக்கொண்டன.

அந்த அயோ இன்னும் ஆறவில்லை என்பது வேறு கதை. யூரோப்பாவும் கனிமீட்டும் தாளம் தவறாமல் இழுப்பதால் அதன் பாதை வட்டமாகாமல் சற்று நீண்டே இருக்கிறது. வியாழனுக்குக் கிட்டே வரும்போது பிசைபட்டு, விலகும்போது தளர்ந்து, உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கிறது. 1979இல் வொயேஜர் 1 எடுத்த படத்தில் அதன் விளிம்பில் ஒரு குடை போல எழுந்து நின்றது எரிமலைப் புகை.

ஜனவரி முதல் மார்ச் வரை மேற்கு மலைநாட்டில் பனி கொட்டும் தெளிந்த இரவுகள் கிடைக்கும். நாம் பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் வியாழன் நம் தலைக்கு மேல் வரை ஏறும். லயத்து முற்றத்திலிருந்தே பார்க்கலாம். வியாழன் வானத்தில் இருக்கும் காலமாகப் பார்த்து, சாதாரண பைனாகுலரைச் சுவரில் சாய்த்துப் பிடித்தால் கனிமீட்டும் கலிஸ்டோவும் பொட்டுகளாகத் தெரியும். அயோ வியாழனின் ஒளிக்குள் ஒளிந்துகொள்ளும், அதற்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும். ஏழு மணிக்கு ஒரு தாளில் அது நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். பத்து மணிக்குத் திரும்பப் பார்த்தால் நகர்ந்திருக்கும். அந்த நகர்வுதான் தராசின் முள்.