சிவப்பு ஏன் பக்கத்து வரியிலும் ஒட்டிக்கொள்கிறது?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் என் மாமா பசுந்தேயிலை வாங்கும் நிலையம் ஒன்றை நடத்துகிறார். மத்தியானம் தாண்டினால் பிக்கப் வண்டிகளில் கொழுந்து மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும். தராசில் ஒருவர் எடை சொல்ல, இன்னொருவர் கணினியில் பதிவார். அந்தப் பதிவுக்கான நிரலை எழுதிக் கொடுத்தது நான்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மாமா கேட்டார்: "மாப்ளே, மழையில பறிச்ச இலை எதுன்னு லிஸ்ட்டப் பார்த்ததும் தெரியணும். அதை மட்டும் சிவப்பு எழுத்துல காட்டு." தண்ணீர் ஒட்டிய இலை எடை கூடக் காட்டும், தொழிற்சாலையில் வாடுவதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். அதனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

'ஈரம் என்றால் எழுத்து சிவப்பு' என்று ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தால், முதல் ஈர மூட்டை வரைக்கும் சரி. அதற்குக் கீழே காய்ந்த இலை, ஈர இலை எல்லாமே சிவப்பு. பட்டியலைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி மேலே வந்தால், கொஞ்ச நேரம் முன்பு கறுப்பாக இருந்த வரிகளும் சிவந்திருந்தன.

இது ஏன் என்று புரிய, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் மூட்டைகளுக்குக் குறி போடுவதை நினைத்துப் பாருங்கள். மூட்டைக்கு ஒரு தகடு வெட்டுவதில்லை. எழுத்து வெட்டிய ஒரே தகட்டை ஒவ்வொரு மூட்டையாக வைத்து, மையைத் தடவிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு மூட்டைக்கு மட்டும் சிவப்பு மையைத் தொட்டுவிட்டு, தூரிகையைக் கழுவாமல் அடுத்ததுக்குப் போனால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிவப்புதான்.

பட்டியலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அன்றைக்கு 600 பதிவுகள் இருந்தாலும் திரையில் தெரிவது 20 வரிதான். வரிக்கு ஒன்றாக 600 எழுத்துப் பெட்டிகளை உருவாக்கி வைத்தால் நினைவகம் வீண். அதனால் ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அதில் முதல் வரியின் எழுத்தை நிரப்பித் திரையில் ஒரு முறை பதிக்கும். அப்புறம் அதே பெட்டியில் இரண்டாவது வரி, அடுத்து மூன்றாவது. உருட்டும்போதெல்லாம் இது புதிதாக நடக்கும். ஜாவா நிரல்மொழியில், திரையில் பட்டியல், பொத்தான் போன்றவற்றை அமைக்க உதவும் ஸ்விங் என்ற கருவித்தொகுப்பில் இந்தப் பெட்டிக்கு 'செல் ரெண்டரர்' என்று பெயர். அதன் ஆவணமே இதை ரப்பர் ஸ்டாம்ப் என்றுதான் விளக்குகிறது.

ஆக, சிவப்பு அந்த வரியில் எங்கேயும் தங்கவில்லை, தங்கியது முத்திரையில். 'ஈரம் என்றால் சிவப்பு' என்பதோடு 'இல்லையென்றால் பட்டியலின் வழக்கமான நிறம்' என்றும் எழுதிய பிறகுதான் கோளாறு போனது. 'கறுப்பு' என்று நேரடியாக எழுதாமல் 'வழக்கமான நிறம்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. யாராவது இருண்ட தோற்றத்துக்கு மாற்றினால், கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து மறைந்துபோகும்.

க்யூட்டி என்ற கருவித்தொகுப்பு இதையே கேள்வி பதிலாக ஆக்கியிருக்கிறது. திரையில் வரையும் பகுதி, தரவை வைத்திருக்கும் பகுதியிடம் வரிக்கு வரி கேட்கும்: இங்கே என்ன எழுத்து? என்ன எழுத்துரு? எழுத்தின் நிறம் என்ன? நாம் பதில் சொல்லாவிட்டால் வழக்கமான நிறத்தையே எடுத்துக்கொள்ளும். தூரிகை கழுவ மறக்கும் பேச்சே இதில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற இன்னொரு கருவித்தொகுப்பில், லிஸ்ட்பாக்ஸ் எனப்படும் சாதாரணப் பட்டியலில் வரிக்கு ஒரு நிறம் வைக்கும் வசதியே கிடையாது. 'நானே வரைந்துகொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு, பின்னணியிலிருந்து எழுத்து வரை நாமே வரைய வேண்டும்.

எந்தக் கருவியாக இருந்தாலும், நிறத்தை வரி எண்ணோடு கட்டிவைக்காதீர்கள். 'ஏழாவது வரி சிவப்பு' என்று குறித்துவைத்தால், பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றியதும் ஏழாவதாக வந்து நிற்கும் வேறொருவரின் காய்ந்த இலை சிவந்து நிற்கும். பாவம், அவருக்கு எடையில் கழித்துவிடுவார்கள்.

நிரல் சரியானதும் நிலையத்துக்கே போய்ப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கத் திறந்த கொட்டகை அது. மூடுபனி இறங்கியிருந்தது. அந்த வெண்மை திரையில் பட்டு, எழுத்தெல்லாம் வெளிறிக் கிடந்தன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் ஒளி வேறுபாடு 21:1. முழுச் சிவப்புக்கோ அது 4:1 தான். இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. மஞ்சளை வைத்திருந்தால் 1.07:1, அதாவது ஒன்றுமே தெரியாது. நம் கண் பச்சை ஒளியை மிகப் பிரகாசமாகவும், சிவப்பை அதைவிடக் குறைவாகவும், நீலத்தை மிக மங்கலாகவும் உணர்கிறது. மஞ்சளில் பச்சையும் சிவப்பும் சேர்ந்திருப்பதால் அது வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சிவப்பை அடர்த்தியாக்கி, உறைந்த ரத்தத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். மாமாவுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் பதிவு செய்யும் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதுப்பா சிவப்பு?" என்று கேட்டார். அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே சிரமமாம். இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இது அதிகம். அதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு ஒளியே மங்கலாகத்தான் தெரியும். அவர்கள் கண்ணுக்கு அடர் சிவப்பு எழுத்தும் கறுப்பு எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் மாமாவுக்காக அடர்த்தியாக்கியது இவருக்குப் பாதகமாகிவிட்டது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மாற்றினேன். ஈர மூட்டை வரிகளின் தொடக்கத்தில் 'ஈரம்' என்ற சொல் வரும், வரி முழுக்கத் தடித்த எழுத்து, அதன் மேல்தான் சிவப்பு. அந்த அண்ணன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். "பதினொண்ணு," என்றார். மாமா தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வெளியே அடுத்த பிக்கப் வந்து நின்றது.