உருளைக்கிழங்குச் சிப்ஸ் ஏன் கறுக்கிறது?

மருதனார்மடம் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கை அன்றே சீவிப் பொரித்தால் பொன்னிறமாக வருவதும், அதே கிழங்கை இரண்டு கிழமை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து பொரித்தால் மொறுமொறுப்பு ஏறுமுன்னரே கபில நிறமாகிக் கசந்துபோவதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி நடப்பவை. பழி அடுப்பின் மேலோ எண்ணெயின் மேலோ விழுகிறது. ஆனால் பெரும்பாலும் கிழங்கினுள் சேர்ந்துவிட்ட வெல்லமே, அதாவது இனிப்புச் சத்தே, காரணம்.

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாப்பொருள். கடுங்குளிரில் வைத்த கிழங்கின் நொதியங்கள் அந்த மாப்பொருளில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் மாற்றிவிடுகின்றன. கொதிக்கும் எண்ணெயில் இவ்வெல்லங்கள் அமினோ அமிலங்களுடன் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதனை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் இது மயிலார்ட் தாக்கம் எனப்படுகிறது. வெல்லம் மிகுந்தால் இத்தாக்கம் அளவு கடந்து கசப்பைத் தருவதுடன், 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் பொரித்த உணவுகளில் கண்டறிந்த, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் அக்கிரிலமைட் என்ற வேதிப்பொருளையும் கூட்டுகிறது. ஆகவே கறுத்த சிப்ஸை ஒதுக்கிவிடுவதே நல்லது. குளிரில் இருந்த கிழங்கை வெளியே எடுத்து, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் ஓரிரு கிழமை வைத்தால் வெல்லத்தின் அளவு ஓரளவு குறையும்.

வாங்கும்போது, பெருவிரலால் உரசினால் தோல் உரியாத முற்றிய கிழங்கைத் தெரிவு செய்ய வேண்டும். ஒரு கோப்பை உப்பைப் பதினொரு கோப்பை நீரில் கரைத்துக் கிழங்கை இட்டால், மாப்பொருள் நிறைந்தது தாழும், நீர்த்தன்மை மிகுந்தது மிதக்கும். தாழ்வதே சிப்ஸுக்கு ஏற்றது.

ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் ஒரே சீராகச் சீவி, தண்ணீர் கலங்காமல் வரும்வரை அலசினால், வெட்டுப்பட்ட கலங்களிலிருந்து வெளிவந்த மாப்பொருளும் வெல்லமும் கழுவப்பட்டுவிடும். பின்னர் ஈரத்தைத் துணியால் முழுதும் ஒற்றியெடுக்க வேண்டும்.

தாச்சியில் எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடேறியதும் சீவல்களைச் சிறிது சிறிதாக இட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கிவிடும். இட்டவுடன் எழும் குமிழிகள் கிழங்கின் நீர் ஆவியாகி வெளியேறுவதால் உண்டாகின்றன. நீர் இருக்கும்வரை சீவலின் வெப்பநிலை 100 பாகையை ஒட்டியே நிற்பதால் நிறம் மாறாது. குமிழிகள் அடங்கி, சலசலப்புக் குறைந்து, சீவல்கள் அகப்பையில் உரசும் ஓசை கேட்கத் தொடங்கும்போது நீர் அநேகமாகத் தீர்ந்திருக்கும்; அதன் பின்னர் நிறம் விரைவாக ஏறுவதால், வெளிர்மஞ்சளாக இருக்கையிலேயே எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் பெரும்பாலும் சீவலுக்குள் புகுவது பொரியும்போது அன்று, எடுத்த பின்னரே. ஆறும்போது நுண்துளைகளிலுள்ள நீராவி ஒடுங்கி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே தாச்சிக்கு மேலே பிடித்தபடி, சூடு ஆறுமுன்னரே நன்றாக உதறி வடிக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே உப்புத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். முழுதும் ஆறிய பின்னரே தகரப் பேணியில் இட்டு இறுக மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மிஞ்சிய ஆவியே சீவல்களை மறுபடி நமுக்கச் செய்துவிடும்.