பழைய பாய்ப்படகு எங்கே கிழடாகிறது?

திருகோணமலை உள்துறைமுகத்தில் அந்தப் படகு நங்கூரமிட்டு நின்றது. நீளம் 27 அடி, வெள்ளை உடல், நீலக் கோடு, நடுவில் ஒற்றைப் பாய்மரம். வடகீழ்ப் பருவக்காற்றைப் பிடித்து மலேசியாப் பக்கமிருந்து வந்தவர், இதற்கு மேல் பயணம் போதும் என்று அதை விற்க முடிவு செய்திருந்தார். என் மச்சானுக்கு அதன் மீது ஆசை. சுங்கம், பதிவு என்ற கடதாசி வேலைகளை அவர் பார்த்துக்கொண்டார். படகின் உடல்நிலையைப் பார்ப்பது என் பொறுப்பு. துணைக்கு, உப்புவெளியில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் கிளாஸ் வேலை செய்யும் அண்ணன் ஒருவரை அழைத்துப் போனேன்.

அவர் பூச்சின் பளபளப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, பாய்மரத்தின் அடியில் மண்டியிட்டு, பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தைத் தட்டத் தொடங்கினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவரின் முகம். டக், டக், டக் என்று இறுக்கமாகக் கேட்டது. ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை நெருங்கியதும் சத்தம் மாறியது: பொத். பொக்கெற்றிலிருந்து சோக்குக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். கால் மணி நேரத்தில் கம்பியைச் சுற்றிச் சுளகு அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. “தம்பி, இதற்குள்ளே தண்ணீர் இருக்கிறது” என்றார்.

அந்தப் “பொத்” என்ற சத்தத்தில் ஒரு முழுப் பொறியியல் பாடம் அடங்கியிருக்கிறது. இத்தகைய படகுகளின் மேல்தளம் ஒரே தடித்த பைபர் கிளாஸ் பலகையாக இருப்பது குறைவு. மேலும் கீழும் இரண்டு மெல்லிய பைபர் தோல்கள், நடுவில் பல்சா போன்ற மிக இலேசான மரம் என்று மூன்று அடுக்காகவே பெரும்பாலும் கட்டுவார்கள். ஒரு தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு, தடிப்பு × தடிப்பு × தடிப்பு என்ற பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். 6 மில்லிமீற்றர் பைபரை ஒரே பலகையாக வைப்பதற்குப் பதிலாக, மூன்று மூன்றாகப் பிரித்து நடுவில் 12 மில்லிமீற்றர் பல்சாவை ஒட்டினால், கணக்குப்படி விறைப்பு சுமார் 19 மடங்கு உயர்கிறது. கூடும் எடையோ சொற்பம். ஆனால் இந்த இலாபம் முழுவதும் ஒட்டு விடாமல் இருக்கும்வரைதான். மரம் இற்றுத் தோல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், எஞ்சுவது தனித்தனியாக வளையும் இரண்டு 3 மில்லிமீற்றர் தகடுகள். அடுக்கு ஒன்றாக இருந்தபோது கிடைத்த விறைப்பில் எழுபதில் ஒரு பங்குகூட அவற்றிடம் இல்லை. விறைப்பான தளம் தட்டினால் கணீரென்று பதில் சொல்லும். ஒட்டு விட்ட தளம் அடியை விழுங்கிக்கொள்ளும்.

தண்ணீர் உள்ளே போகும் வழி மிகச் சிறியது. கைப்பிடிக் கம்பிக்கும் கயிறு கட்டும் கொண்டிக்கும் தளத்தைத் துளைத்துத்தான் ஆணி முடுக்குகிறார்கள். துளையைச் சுற்றிய அடைப்புப் பசை நம் கச்சான் மாதங்களின் வெக்கையில் காய்ந்து சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும்போது மயிரிழை இடைவெளி போதும். இங்கே பலரும் நம்ப மறுக்கும் ஓர் உண்மை உண்டு: மரத்தை இற்றுப்போகச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீரே மோசமானது. மரத்தைத் தின்னும் பூஞ்சணம் உப்பில் தழைப்பதில்லை, நல்ல தண்ணீரில் செழிக்கும். மரக்கப்பல் காலத்தில் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்ததும் இதனால்தான். 1817ல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட, நம் ஊரின் பெயரைச் சுமக்கும் திருகோணமலை என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நீர் ஒரே இடத்தில் தேங்காமல் பார்த்துக்கொண்டால் மரம் நூற்றாண்டுகள் தாங்கும்.

பழைய பாய்க்கப்பல் விலைபேசுவது நம் கரைகளுக்குப் புதிதும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் ஆல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1938ல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் காலத்து மரம் தன் நோயை வெளியே காட்டியது. பேனாக்கத்தியால் குத்தினால் தெரிந்துவிடும். பைபர் தோல் நோயை மூடி வைக்கிறது. அதனால்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்தது நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள உடல். பைபர் கிளாஸ் நீர் புகாதது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கண்ணாடி இழைகளைப் பிணைக்கும் பொலியெஸ்ரர் பிசினும், அதற்கு வெளியே பளபளக்கும் ஜெல்கோட் பூச்சும் நீர் மூலக்கூறுகளை மிக மெதுவாக உள்ளே விடுகின்றன. கட்டும்போது முழுமையாக இறுகாத பிசினின் எச்சங்கள் உள்ளே இருந்தால் புகுந்த நீரில் கரைகின்றன. நாளடைவில் நீரே பிசினின் பிணைப்புகளையும் அறுத்து மேலும் கரைபொருளை உண்டாக்குகிறது. கரைசல் செறிவாக ஆக, வெளியிலிருந்து இன்னும் நீரை இழுக்கிறது. பள்ளியில் பிரசாரணம் என்று படித்ததும், தமிழகத்தார் சவ்வூடு பரவல் என்பதும் இதையே. பாயசத்துக்கு ஊறப்போட்ட முந்திரிகை வற்றல் (உலர் திராட்சை) உப்புவதும் இந்த விதியால்தான். பாயச முந்திரிகை மென்மையாக உப்பும். பூச்சுக்கு அந்த நெகிழ்வு இல்லாததால் கொப்புளம் எழுகிறது. குத்தினால் பிசுபிசுப்பான நீர் வடியும், புளித்த காடி நெடி மூக்கைத் துளைக்கும்.

இங்கும் நல்ல தண்ணீருக்கே வேகம் அதிகம். வெளியே உப்பு நீர் இருந்தால் உள் கரைசலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு குறைவு, இழுப்பும் குறைவு. ஏரிகளில் கிடக்கும் படகுகள் கடற்படகுகளைவிட எளிதில் கொப்புளிப்பது இதனால்தான். நமது விரிகுடாவின் தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கிறது. மாரியில் மேல்நீரின் உப்புக் குறைவதை ஆற்று வாயருகே நங்கூரமிடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். படகின் அடிவயிற்றில் தேங்கும் மழைநீர் அதைவிட மோசம், அது உட்பக்கத்திலிருந்தே வேலை செய்கிறது. வெதுவெதுப்பான நீரில் இவை எல்லாமே விரைவாக நடக்கும், நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கொப்புளங்களைக் கண்டு வாங்குபவர்கள் பயப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. அவற்றைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, எபொக்சி பூசலாம். அடி முழுவதும் வேர்க்குருபோல் அள்ளிக் கொட்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு வந்துவிடலாம்.

உலோகங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் அதிகம் ஏமாற்றுவது. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து சில நனோமீற்றர் தடிப்பில் ஒரு படலமாகிறது. கீறினாலும் ஒட்சிசன் கிடைக்கும்வரை அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடுகளோ தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போகின்றன. அந்த இடுக்கில் ஈரம் தேங்குகிறது, அதிலிருந்த ஒட்சிசன் தீர்ந்துபோகிறது, வெளியிலிருந்து குளோரைட் நுழைகிறது, உள்ளே நீர் அமிலமாகிறது. பிறகு படலம் மீண்டும் உருவாக வழியே இல்லை. வெளியே எவர்சில்வர் குவளைபோல் மின்னும் அதே தகடு தளத்தின் தடிப்புக்குள் பாதியாக அரிக்கப்பட்டிருக்கலாம். துளையின் விளிம்பில் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால், தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

அண்ணன் பிறகு கழிவறைக்கு அருகே குனிந்து, கடல்நீர் வரும் குழாயைத் திறந்து மூடும் பித்தளை வாயிலைக் கத்தியால் ஒரு முறை கீறினார். நல்ல பித்தளை என்றால் கீறல் மஞ்சளாக மின்னும். இது இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகமும்) சேர்ந்த கலவை; கடல்நீர் நாகத்தை மட்டும் மெல்லக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த செம்பு. உருவம் அப்படியே இருக்கும், கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் உடைந்து கையோடு வரும். பிறகு பெருவிரல் தடிப்புக்குக் கடல் உள்ளே பாயும். ஒரு படகை மூழ்கடிக்க இந்த மலிவான பொருள் போதும் என்பதை வாங்குபவர் எவருக்கும் நான் அழுத்திச் சொல்வேன்.

பாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் எதிரி வெயில். துணிக்கு முன்னே நூல்தான் இற்றுப்போகும். தையலை நகத்தால் சுரண்டினால் நூல் அறுந்தால் அந்தப் பாயின் காலம் முடிந்தது. எஞ்சினில் எண்ணெய்க் கோலை இழுத்து, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது.

படகு கவிழாமல் நிமிர்ந்து நிற்க அடியில் தொங்கும் பாரமான ஏராவைப் பார்க்கத்தான் சிரமப்பட்டோம். வற்றுப்பெருக்கு அதிகமுள்ள நாடுகளில் படகை மதிலோரம் சாய்த்துவிட்டு, நீர் வற்றியதும் சுற்றிவந்து பார்த்துவிடுவார்கள். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. மீன்பிடி வள்ளம்போல் மணலில் இழுத்து ஏற்றவும் முடியாது, பாரமான ஏரா குறுக்கே நிற்கும். பாரந்தூக்கிக்குப் பணம் கட்டித் தூக்கினோம். அந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது தவறு.

தூக்கிய அன்று அடி நனைந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை எல்லாம் காய்ந்த பின்பும், வார்ப்பிரும்பு ஏரா உடலோடு சேரும் கோட்டில் ஓர் இடம் மட்டும் ஈரமாகப் பழுப்பு வடித்துக்கொண்டிருந்தது. ஏராவை உடலோடு பிணைக்கும் ஆணிகளில் அதற்கு நேர் மேலே இருந்ததைக் கழற்றும்படி அண்ணன் கேட்டார். விற்பவரும் மறுக்கவில்லை. மரை பதிந்த முனையும் தலையும் புதிதுபோல் மின்ன, ஏராவும் படகின் உடலும் சேரும் அந்த இடத்தில் மட்டும் ஆணி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. மச்சான் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். எட்டு ஆணிகளையும் கழற்றினோம், மூன்று அப்படி இருந்தன. எட்டையும் மாற்றும் செலவு, சோக்கு வட்டத்துக்குள் தளத்தை வெட்டிப் புதிய பல்சா வைக்கும் செலவு, புதிய வெண்கல வாயில்கள் ஆகியவற்றை ஒரு கடதாசியில் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழித்தோம். விற்பவர் அந்த ஆணியை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.