இலவசமாக வரும் மென்பொருளுக்கு யார் கையெழுத்துப் போட்டது?

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு புரொஜெக்டர் வாங்குவது லேசுப்பட்ட வேலையில்லை. துறைத்தலைவர் தேவையை எழுத வேண்டும். கணினி மையம் விவரக்குறிப்பு தர வேண்டும். கொட்டேஷன்கள், ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு, நிதி அலுவலர், பதிவாளர் என்று கோப்பு மாடிக்கும் கீழுக்குமாக நடக்கும். தொகை பெரிதென்றால் நிதிக்குழு, ஆட்சிக்குழு வரை போகும். பொருள் வந்த பிறகும் விடுதலை கிடையாது. ஸ்டாக் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏறியது என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் விரல் வைத்துக் கேட்பார்கள்.

அதே வளாகத்தில் ஓர் ஆசிரியர், முகத்தைப் படமெடுத்து வருகைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றின் லிங்க்கைக் காலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்பு முழுவதன் பெயர், கைபேசி எண், முகம் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கோப்பு இல்லை, குழு இல்லை, ஒரு கையெழுத்தும் இல்லை. காரணம் எளிது: பில் இல்லை.

கோவைப் பக்கம் ஓர் உயர்கல்வி வளாகத்தின் கணினிப் பிரிவில் கொள்முதல் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: நம் விதிகள் எல்லாம் ரூபாயைக் கண்டால் விழித்துக்கொள்கின்றன, பூஜ்யத்தைக் கண்டால் தூங்கிவிடுகின்றன.

விதிகளைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது போன்ற ஏற்பாடுகள் காரணத்தோடுதான் எழுதப்பட்டவை. வேண்டியவருக்கு மட்டும் காதில் சொல்லி, மூன்றே நாளில் டெண்டரை மூடும் வித்தை அதனால்தான் நின்றது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு 2017-இன் பொது நிதி விதிகளும், ஜெம் என்ற அரசு இணையக் கொள்முதல் தளமும் உண்டு. ஐம்பது கணினி தேவை என்றால் அதைப் பத்துப் பத்தாக உடைத்து வரம்புக்குக் கீழே வாங்கக் கூடாது என்று அந்த விதிகளில் 157-ஆவது விதி தெளிவாகவே சொல்கிறது. மார்ச் மாதம் நெருங்கும்போது அந்த விதியைச் சுவரில் ஒட்டிவைக்கலாமா என்றுகூடத் தோன்றும்.

ஆனால் இவை அனைத்தும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: விலை நியாயமாக வந்ததா? தொழில்நுட்பப் பொருளில் விலை ஒரு பகுதி மட்டுமே. கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகும் அன்னூர் விவசாயி விலையை மட்டும் கேட்டுவிட்டு வருவதில்லை. "காயில் எரிஞ்சு போனா இங்கயே கட்டிக்கலாமுங்களா? இம்பெல்லர் நம்மூர்லயே கிடைக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். மாணவர் மதிப்பெண்ணை ஒரு மென்பொருளுக்குள் கொட்டுகிற நாம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து இதே விஷயமாகத் தேடி வந்தார்கள். அகமதிப்பீட்டுத் தேர்வுகளை இணையத்தில் நடத்த ஒரு தளம். முதலில் இலவசம். எல்லாத் துறையும் பழகி, வினா வங்கி முழுக்க அதற்குள் போன பிறகு, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணக் கடிதம் வந்தது. வேண்டாம் என்று வெளியே வரலாம் என்றால் மதிப்பெண்கள் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி பிடிஎஃப்பாக மட்டுமே இறங்கின. கேள்விகள் இறங்கவே இல்லை. ஆசிரியர்கள் விடுமுறையில் உட்கார்ந்து எக்செல்லில் தட்டச்சு செய்தார்கள். தொடங்கும்போது யாரிடமும் அனுமதி கேட்கவில்லையா என்றேன். "பணமே கட்டலீங்களே சார், அதுக்கு எதுக்குங்க கோப்பு?" என்றார் அந்த ஒருங்கிணைப்பாளர். நேர்மையான பதில். அவர் மீது தவறு சொல்ல முடியாது. எந்தப் படிவமும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தருவதும் ஒரு நாள் மாறும். கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் கொடுத்துவந்தது. 2022-இல் அதை நிறுத்தி, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு வைத்தது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். இருந்தாலும் பத்தாண்டு வகுப்பு வீடியோக்களைக் குவித்துவைத்திருந்த இடங்களில் எதை அழிப்பது, யார் முடிவெடுப்பது என்று ஒரே கலவரம். முடிவெடுக்க ஆள் இல்லை. ஏனென்றால் சேர்ப்பதற்கு யாரும் முடிவெடுத்ததே இல்லை.

இப்போது சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். நம் வேலைக்கு அதில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, நம் சார்பில் தரவைக் கையாள வேறொரு நிறுவனத்தை அமர்த்துவதென்றால் செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்த நிறுவனம் கோட்டை விட்டாலும் பொறுப்பு நம்முடையதே. தகுந்த பாதுகாப்பு எடுக்கவில்லை என்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இன்னொன்று, சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். கல்விப் பணிக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை கண்டபடி திறந்த கதவு அல்ல. ஜூலை, ஆகஸ்டில் முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பதினேழு வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று சேர்க்கைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தாளவாடியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ வந்து, ஆசிரியர் அனுப்பிய லிங்க்கில் 'ஐ அக்ரீ' அழுத்தும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவியின் விருப்பத்தை சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுத்தால் வருகைப் பதிவு போய்விடுமே.

அப்படியானால் எல்லாவற்றையும் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டுமா? கூடாது. எங்கள் கணினிக்காரர்களுக்கு 'முடியாது' என்று சொல்வதில் ஒரு சுகம் உண்டு, அதை நம்பி அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டால் ஆசிரியர்கள் பின்வாசல் வழியாகவே போவார்கள். நான் பரிந்துரைப்பது விலைக்குப் பதிலாகத் தரவை அளவுகோலாக வைக்கும் வழி. மாணவர் தரவே தொடாத கருவி, உதாரணமாக ஆசிரியர் தன் கணினியில் வரைபடம் போட வைத்துக்கொள்ளும் மென்பொருள் என்றால், கணினி மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மாணவர் பெயரும் எண்ணும் உள்ளே போகிறது என்றால் ஒரு பக்கப் படிவம், ஒரு வாரத்துக்குள் பதில். மதிப்பெண், கட்டணம், முகம், கைரேகை, உடல்நலம் என்றால் விலை பூஜ்யமாக இருந்தாலும் முழுக் குழு.

அந்த ஒரு பக்கத்தில் என்ன கேட்பது? என்னென்ன தரவு போகிறது, எந்த நாட்டு சர்வரில் இருக்கிறது, விற்பனையாளர் அதை விளம்பரத்துக்கோ தன் செயற்கை நுண்ணறிவைப் பழக்கவோ பயன்படுத்துகிறாரா, வெளியேறும்போது முழுத் தரவும் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும், அழித்ததற்கு எழுத்துச் சான்று உண்டா, அடுத்த ஆண்டு விலை என்ன, இதே வேலையைச் செய்யும் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா. கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்த வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு துறை தனியாகச் சந்தா கேட்டு எழுதினால் கோப்பைத் திருப்பி அனுப்புவதில் தப்பில்லை. கேள்விகளை யோசித்து எழுத நேரமில்லாதவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விற்பனையாளர்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஹெக்வாட் என்ற வினாத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது மிக நீளம். நமக்கு வேண்டியதைக் கிள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

பார்வையற்ற மாணவர்களின் விஷயம் எந்தக் கோப்பிலும் வருவதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. தகவல் தொழில்நுட்பத்தை அவர்கள் அணுக வழிசெய்ய வேண்டும் என்று 42-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கென்றே ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர அளவீடும் இருக்கிறது. செயல்விளக்கம் காட்ட வரும் விற்பனைப் பிரதிநிதியிடம் நான் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை ஓடவிட்டு, ஒரு மாணவராக உள்ளே நுழைந்து கட்டணம் கட்டிக் காட்டுங்கள். பலர் லாகின் பக்கத்தைத் தாண்டுவதில்லை. இந்தச் சோதனையை டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். குறைந்த விலைக்காரருக்கு ஆணை கொடுத்த பிறகு கேட்டால் "இது தனி மாட்யூல் சார்" என்பார்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் தேவை. தரவு கசிந்தால் எவ்வளவு நேரத்தில் நமக்குச் சொல்வார்கள் என்பது. செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனையாளர் மூன்று நாள் கழித்து ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்பினால் அதை வைத்து நாம் என்ன செய்வது?

வாங்கியதை வெளியே அனுப்புவதிலும் இதே ஓட்டை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் ஆய்வகங்களிலிருந்து மொத்தமாகக் கழிக்கப்படுகின்றன. கழிவுக் குழு அவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு ஏலத் தொகையைச் சரிபார்க்கும். மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகிறதா என்றும் இப்போது கேட்கிறார்கள், நல்லது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் தேர்வுப் பிரிவின் எத்தனை ஆண்டுப் பட்டியல் கிடக்கிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அடுத்த கழிவுப் பட்டியலில் ஒவ்வொரு கணினியின் வரிசை எண்ணுக்கும் நேராக 'டிஸ்க் துடைக்கப்பட்டது, துடைத்தவர் கையொப்பம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை, எக்செல் கோப்பைத் திறந்தால் போதும்.